காருக்குள் இருப்பவர் கணக்கில் இல்லை

பூலாம்பாடியில் கார் வைத்திருக்கும் வீடுகளில் அந்தக் காருக்கென்று தவறாத ஒரு வேலை உண்டு: திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போய்வருவது. பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை தாலுகாவில், பச்சைமலை அடிவாரத்துப் பக்கம் இருக்கும் பேரூராட்சி இது. மலேசியா, சிங்கப்பூர் என்று பிழைக்கப் போனவர்கள் ஏராளம். ஊருக்கு வருகிறவரை அழைத்துவர நாலு பேர் கிளம்புவார்கள். திரும்பும்போது ஐந்து பேர், மடியிலும் காலடியிலும் பெட்டிகள். சமயபுரம் டோல்கேட் தாண்டி, பாடாலூர் வழியாகப் பெரம்பலூர் வரை நான்குவழிச் சாலை. அங்கிருந்து எசனை, வேப்பந்தட்டை, கிருஷ்ணாபுரம், அரும்பாவூர் என்று ஊர் ரோடு. நடுராத்திரி விமானம் என்றால், ஓட்டுகிறவருக்குக் கண் சொருகும் நேரத்தில்தான் கார் இந்த ரோட்டுக்கு வந்து சேரும்.

அந்தக் கார் ஒரு புளியமரத்தில் மோதுவதாக வைத்துக்கொள்வோம். எதிரே வண்டி எதுவும் வரவில்லை. மாடு குறுக்கே வந்தது, ஓட்டியவர் ஸ்டியரிங்கை ஒடித்தார், அவ்வளவுதான். ஐந்து பேருக்கும் அடி. ஒருவருக்குத் தொடை எலும்பு முறிவு, ஒருவருக்குத் தலையில் ரத்தக்கசிவு. டேஷ்போர்டில் இன்சூரன்ஸ் பேப்பர் இருக்கிறது. தேதி முடியவில்லை. எந்தப் போலீஸ்காரர் மடக்கினாலும் அபராதம் போட முடியாது. சரி, ஆஸ்பத்திரி பில்லை அந்தப் பேப்பர் கட்டுமா?

சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் குறைந்தபட்சப் பாலிசி மட்டும்தான் அது என்றால், கட்டாது. ஐந்து பேரில் ஒருவருக்குக்கூடக் கட்டாது.

யாருக்காக எழுதிய சட்டம்?

மோட்டார் வாகனச் சட்டம், 1988. அதன் 146-வது பிரிவு, தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் பொது இடத்தில் வண்டி ஓட்டக் கூடாது என்கிறது. மீறினால் முதல்முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, இல்லை இரண்டும், மறுமுறை 4,000. அந்தப் பாலிசிக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதை 147-வது பிரிவு சொல்கிறது. நம் வண்டியால் வெளியாள் ஒருவர் இறந்தாலோ காயப்பட்டாலோ, நாம் கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். கட்டாயத்தின் சாரம் இதுதான்.

வெளியாளைப் பொறுத்தவரை இந்தச் சட்டம் தாராளமானது. கிருஷ்ணாபுரம் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர் மேல் அதே கார் ஏறியிருந்தால், அவருடைய ஆபரேஷன் செலவு, அடுத்த வருடம் கம்பியை எடுக்க ஆகும் செலவு, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான தொகை, வேலைக்குப் போக முடியாத மாதங்களின் சம்பளம், ஊனம் நிலைத்துவிட்டால் எதிர்கால வருமானம், வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை என எல்லாவற்றையும் கேட்கலாம். உச்சவரம்பு கிடையாது. மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் 50 லட்சம் என்றாலும் கம்பெனி கட்டித்தான் ஆக வேண்டும்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. கட்டாய இன்சூரன்ஸைக் கொண்டுவந்தது 1939-ம் வருடச் சட்டம். ஆனால், அந்த அத்தியாயம் நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1-ல்தான். அன்று சரக்கு லாரிக்கு இன்சூரன்ஸ் பொறுப்பின் உச்சவரம்பு 20,000 ரூபாய். பிறகு 50,000 ஆகி, 1982-ல் ஒன்றரை லட்சத்தில் நின்றது. 1989 ஜூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த வரம்பு போனது. 2016-ல் வந்த திருத்த மசோதா, இறப்புக்கு 10 லட்சம் என்று மறுபடி ஒரு கூரை போடப் பார்த்தது. எதிர்ப்பு வந்ததும் அது கைவிடப்பட்டது. நல்ல காரியம்.

ஆனால், இத்தனை தாராளமும் காரின் கதவுக்கு வெளியே மட்டும்தான்.

ஒரு பழைய விதிவிலக்கின் பயணம்

நம் 1939 சட்டத்துக்கு மாதிரியாக இருந்தது பிரிட்டனின் 1930-ம் வருடச் சாலைப் போக்குவரத்துச் சட்டம். காசு கொடுத்து ஏறும் பயணிக்கு இன்சூரன்ஸ் கட்டாயம், சும்மா ஏற்றிச் செல்பவருக்குக் கட்டாயமில்லை என்ற விதிவிலக்கு அதில் இருந்தது. ஒருவர் தன் விருப்பத்தில் நண்பர் காரில் ஏறினால், அந்த அபாயமும் அவருடையது என்பது அன்றைய நினைப்பு. அதை அப்படியே எடுத்து நம் சட்டத்திலும் வைத்தார்கள்.

பிரிட்டன் 1972 டிசம்பரிலிருந்து இந்த விதிவிலக்கை நீக்கிவிட்டது. அங்கே காரில் உட்கார்ந்திருக்கும் பயணியும் கட்டாய இன்சூரன்ஸுக்குள் வந்துவிட்டார். நம் ஊரில் நடந்தது வேடிக்கை. 1988 சட்டத்தை எழுதியவர்கள் அந்த விதிவிலக்கு வாசகத்தை விட்டுவிட்டார்கள். அதைப் படித்த உச்ச நீதிமன்றம், 1999 டிசம்பரில் சத்பால் சிங் வழக்கில், பழைய விதிவிலக்கு போய்விட்டது, வண்டியில் சும்மா ஏறியவருக்கும் கம்பெனிதான் பொறுப்பு என்றது. மூன்றே ஆண்டுகள். 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருப்பிப்போட்டது: சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் செல்பவர் இந்தக் கட்டாயத்துக்குள் வர மாட்டார். 2006-ல் திலக் சிங் வழக்கு. ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்தவருக்கும், தனியார் வண்டியில் இலவசமாகப் பயணம் செய்பவருக்கும் சட்டக் குறைந்தபட்சப் பாலிசியில் இடமில்லை என்று அதில் முடிவானது. எழுத்தில் இல்லாத விதிவிலக்கு, தீர்ப்பில் திரும்பி வந்தது.

மனைவி, மக்கள், அம்மா, ஏர்போர்ட்டிலிருந்து வரும் மச்சான் எல்லாருமே சட்டத்தின் கண்ணில் சும்மா ஏறியவர்கள்தான்.

மலேசியாவில் கார் ஓட்டும் பூலாம்பாடிக்காரர்களுக்கு இது புதிதல்ல. அங்குள்ள 1987-ம் வருடச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் அதே பிரிட்டிஷ் வேரிலிருந்து வந்ததுதான். சொந்தக் காரில் வருகிற பயணி அங்கேயும் கட்டாயத்துக்கு வெளியே இருக்கிறார். வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எடுத்த இடத்தில் மாற்றிவிட்டார்கள். வாங்கி வைத்த இரண்டு நாடுகளும் இன்னும் அதைச் சுமந்துகொண்டிருக்கின்றன.

அமெரிக்காவின் சில மாநிலங்கள் வேறு வழியில் போகின்றன. ஃபுளோரிடாவில் கார் வைத்திருப்பவர், தப்பு யார் பக்கம் இருந்தாலும் தனக்கும் தன் வீட்டாருக்கும் மருத்துவச் செலவு முதலியவற்றுக்காக 10,000 டாலர் காப்பு எடுத்தே ஆக வேண்டும். மிச்சிகன் மாநிலம் 2020 வரை வரம்பே இல்லாத மருத்துவக் காப்பைக் கட்டாயமாக வைத்திருந்தது. பிரீமியம் எகிறியதால் பிறகு தளர்த்தியது. 'கார் இன்சூரன்ஸில் மருத்துவக் குறைந்தபட்சம்' என்று அந்த நாட்டில் பேசுவது இதைத்தான். நம் 147-வது பிரிவில் அப்படி ஒரு எண்ணைத் தேடினால் கிடைக்காது.

ஈரோட்டிலிருந்து வந்த வழக்கு

'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசி இருந்தால் நிலைமை மாறும். 2012-ல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு அது. சட்டக் கட்டாயத்துக்காக மட்டும் எடுக்கும் 'ஆக்ட்' பாலிசியில் காருக்குள் இருப்பவருக்கு எதுவும் இல்லை, பேக்கேஜ் பாலிசியில் உண்டு. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமும் 2009 நவம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பி இதைக் கம்பெனிகளுக்கு உறுதிப்படுத்தியிருந்தது.

இந்த வேறுபாடு எத்தனை பேருக்குத் தெரியும்? 2021 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு மேல்முறையீடு இந்தக் கேள்வியைத்தான் எழுப்பியது. விபத்தில் இறந்த ஒருவரின் குடும்பத்துக்கு ஈரோடு தீர்ப்பாயம் 2019-ல் 14 லட்சத்து 65 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்கச் சொல்லியிருந்தது. நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் கம்பெனி மேல்முறையீடு செய்தது. காரின் பாலிசி வெறும் ஆக்ட் பாலிசி, காரில் இருந்தவருக்கு அது பொருந்தாது என்பது கம்பெனியின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்று, அந்தத் தொகையை ரத்து செய்தது.

ரத்து செய்த நீதிபதி எஸ்.வைத்தியநாதன் அதோடு விடவில்லை. வண்டி வாங்குகிறவருக்கு இந்த விவரத்தை விற்பவர்கள் சொல்வதில்லை, வாங்குபவரும் பாலிசியைப் படிப்பதில்லை என்று வருத்தப்பட்டு, 2021 செப்டம்பர் 1 முதல் விற்கும் ஒவ்வொரு புதிய வண்டிக்கும் ஐந்து வருடத்துக்கு 'பம்பர் டு பம்பர்' இன்சூரன்ஸ் கட்டாயம், ஓட்டுநர், பயணி, உரிமையாளர் எல்லாருக்கும் காப்பு வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஷோரூம்கள் அதிர்ந்தன. இன்சூரன்ஸ் கம்பெனிகளும் கார் கம்பெனிகளும் கோர்ட்டுக்கு ஓடின. அப்படியொரு பாலிசியை இப்போதுள்ள விதிகளின்படி உடனே விற்க முடியாது என்றார்கள். செப்டம்பர் பாதிக்குள் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. சட்டம் இயற்றுகிறவர்கள் இதைக் கவனித்துத் திருத்தம் கொண்டுவருவார்கள் என்று நம்புவதாக நீதிமன்றம் சொல்லிவைத்தது. அந்தத் திருத்தம் வரவில்லை.

பம்பருக்கும் பெயிண்டுக்கும் சேர்த்துக் கட்டாயம் என்றது கொஞ்சம் அதிகம்தான். காருக்குள் இருக்கும் ஆளுக்கு மட்டும் என்று உத்தரவு சுருங்கியிருந்தால், எதிர்ப்பவர்களுக்குச் சொல்ல வாதம் அவ்வளவாக இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

15 லட்சம் யாருக்கு?

"அதான் பாலிசியிலேயே 15 லட்சம் போட்டிருக்கே" என்று கேட்பார்கள். உண்டு. அது உரிமையாளர்-ஓட்டுநருக்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு. முன்பு இரு சக்கர வண்டிக்கு 1 லட்சம், காருக்கு 2 லட்சம் என்றிருந்தது. இந்தக் காலத்தில் இது என்ன தொகை என்று 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கேட்டு, 15 லட்சமாக உயர்த்தச் சொன்னது. 2018 செப்டம்பரில் ஒழுங்குமுறை ஆணையம் நாடு முழுவதற்கும் அப்படியே செய்தது. தமிழ்நாட்டு வழக்கு ஒன்று இந்தியா முழுக்கப் பலன் தந்த கதை இது.

ஆனால், அந்த 15 லட்சம் ஆஸ்பத்திரி பில்லுக்கான பணம் இல்லை. இறந்தால் முழுத்தொகை. இரண்டு கைகால்களோ இரு கண்களோ போனால் முழுத்தொகை. ஒன்று போனால் பாதி. தொடை எலும்பு முறிந்து, பிளேட் வைத்து, நாலு மாதம் படுத்து எழுந்து நடந்துவிட்டால் ஒரு ரூபாயும் வராது. பில் நாலு லட்சமாக இருந்தாலும் அதேதான்.

பூலாம்பாடி மாதிரி ஊர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மகன் வெளிநாட்டில் இருக்கிறான். ஊருக்கு வந்தபோது தன் பெயரில் பைக்கோ காரோ வாங்கி வைத்துவிட்டுப் போகிறான். ஆர்.சி. புக்கில் அவன் பெயர், பாலிசியிலும் அவன் பெயர். ஓட்டுவது அப்பாவோ தம்பியோ. அந்த 15 லட்சம், பாலிசியில் பெயர் உள்ள உரிமையாளர், செல்லுபடியாகும் லைசென்ஸோடு ஓட்டும்போது அல்லது அந்த வண்டியில் இணை ஓட்டுநராகப் போகும்போது அடிபட்டால்தான். அவர் ஜோகூரில் இருக்கும்போது அரும்பாவூர் ரோட்டில் தம்பி விழுந்தால் அந்தக் கட்டம் காலி.

தம்பி 'தேர்டு பார்ட்டி' ஆக முடியுமா? முடியாது. 2020 ஜனவரியில் ராம்கிலாடி வழக்கில், வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்துக்கு வந்துவிடுகிறார், அந்த வண்டியின் கம்பெனியிடம் மூன்றாம் நபர் என்று கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 ஜூலையில் வந்த கர்நாடக வழக்கும் இதன் தொடர்ச்சிதான். தன் தவறால் கார் கவிழ்ந்து இறந்தவரின் குடும்பம் கேட்ட நஷ்டஈடு மறுக்கப்பட்டது.

ஆக, புளியமரக் காட்சியில் கணக்கு இது. கார் மலேசியா மகன் பெயரில். ஓட்டியது சித்தப்பா: அவருக்கு ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவர், பின்சீட்டு மூன்று பேர்: ஆக்ட் பாலிசியில் ஒன்றுமில்லை. ஒருவேளை விமானத்தில் வந்தவரே அந்த மகன் என்றால், பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வந்த அவருக்கு 15 லட்சம் உண்டா என்பதில் கம்பெனியோடு ஒரு சண்டை காத்திருக்கிறது. பாலிசி வாசகம், உரிமையாளர் ஓட்டும்போது அல்லது இணை ஓட்டுநராகப் போகும்போது என்கிறது.

அதே ஐந்து பேர், அதே கார். மரத்துக்குப் பதிலாக, அரியலூர் பக்கமிருந்து சிமென்ட் ஏற்றிவந்த லாரி தப்பான பக்கம் வந்து மோதியிருந்தால்? ஐந்து பேருமே அந்த லாரிக்கு வெளியாட்கள். ஐந்து பேரும் வரம்பில்லாமல் கேட்கலாம். சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட்டும் சுமந்து லாரிகள் ஓடும் இந்த இரண்டு மாவட்டங்களில் லாரி மோதும் கேஸ்தான் எல்லாருக்கும் தெரிந்த கேஸ். அதனால்தான் 'விபத்துன்னா இன்சூரன்ஸ் பணம் வரும்' என்ற நம்பிக்கை ஊருக்குள் இருக்கிறது. மோதியது யார் என்பதைப் பொறுத்தே பணம் வரும் என்பது, தன் வண்டி தானாகக் கவிழும் நாளில்தான் தெரியவருகிறது.

குட்டியானையும் டிராக்டரும்

சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி. பெரம்பலூர் மாவட்டத்தில் அறுவடைக் காலத்தில் ஆட்களை ஏற்றிப்போவது பஸ் இல்லை. குட்டியானை எனப்படும் சின்னச் சரக்கு வண்டியும் டிராக்டர் டிரெய்லரும்தான். கோயில் திருவிழா, காதுகுத்து என்றாலும் அதே வண்டிகள். சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ சரக்கோடு ஏறினால் 147-வது பிரிவில் இடம் உண்டு. மற்றவர்களுக்கு ஆஷா ராணி தீர்ப்பு கதவைச் சாத்திவிட்டது. சில வழக்குகளில் கம்பெனி முதலில் கட்டிவிட்டு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் வழி கண்டிருக்கின்றன. அதை நம்பி ஏறக்கூடிய உரிமை அல்ல அது. நீதிமன்றம் பார்த்துத் தருவது. களையெடுக்கப் போகும் இருபது பெண்கள் ஒரு டிரெய்லரில் நின்றுகொண்டு போகும்போது, அந்த வண்டியில் இன்சூரன்ஸ் இருப்பது டிராக்டருக்கும் எதிரே வருபவருக்கும்தான்.

கோவை டாக்டர் போட்ட மனு

இவ்வளவும் படித்தவர், அப்படியானால் அந்த ராத்திரி ஐந்து பேரும் பணமில்லாமல் கிடப்பார்களா என்று கேட்கலாம். இல்லை. பணம் வருகிறது. ஆனால், டேஷ்போர்டில் இருக்கும் பேப்பரைக் காட்டி வாங்குவதல்ல அது.

2021 டிசம்பர் 18-ம் தேதி மேல்மருவத்தூரில் முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் இதைச் செய்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் போதும். அடிபட்டவர் எந்த ஊர், எந்த மாநிலம், எந்த நாடு, குடும்ப அட்டை உண்டா என்ற கேள்வி இல்லை. முதல் 48 மணி நேரச் சிகிச்சை, 81 வகைச் சிகிச்சைகளுக்குள், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் இலவசம். தொடங்கியபோது ஒருவருக்கு 1 லட்சம் வரை. பிறகு 2 லட்சமாக உயர்ந்தது. மரத்தில் மோதினாரா, லாரி மோதியதா என்று இந்தத் திட்டம் பார்ப்பதில்லை. மலேசிய பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினருக்கும் உண்டு.

இன்னொன்று மத்திய அரசுடையது. அதற்குப் பின்னால் கோயம்புத்தூர் இருக்கிறது. கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன், 2012-ல் சாலை விபத்துச் சாவுகளைப் பற்றி உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டார். ஒரே மனு, பதிமூன்று வருடமாக அதிலிருந்து உத்தரவுகள் வந்துகொண்டே இருந்தன. 2018 ஜூலையில், புதுக் காருக்கு மூன்று வருடம், புது பைக்குக்கு ஐந்து வருடம் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸை விற்கும்போதே சேர்த்து எடுக்க வேண்டும் என்றானது இந்த வழக்கில்தான். 'கோல்டன் ஹவர்' எனப்படும் முதல் ஒரு மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்காத திட்டம் வேண்டும் என்று 2019 திருத்தத்தில் 162-வது பிரிவு சொல்லியிருந்தது. 2022 ஏப்ரலில் அந்தப் பிரிவு அமலுக்கும் வந்தது. திட்டம் மட்டும் வரவில்லை. 2025 ஜனவரி 8-ல் உச்ச நீதிமன்றம் மார்ச் 14 வரை கெடு வைத்தது. கெடுவும் தாண்டியது. மத்திய அரசின் செயலாளரை நேரில் வரச்சொல்லிக் கண்டித்த பிறகு, 2025 மே 5-ம் தேதி அறிவிப்பு வெளியானது: விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள் வரை, ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, பணம் கட்டாமல் சிகிச்சை.

இந்தியக் கார் இன்சூரன்ஸ் சட்டத்தில் 'மருத்துவக் குறைந்தபட்சம்' என்று ஒரு எண்ணைச் சுட்டிக்காட்டச் சொன்னால், நான் இந்த ஒன்றரை லட்சத்தைத்தான் காட்டுவேன். காரணம் உண்டு. இந்தத் திட்டத்துக்கான நிதி, இன்சூரன்ஸ் உள்ள வண்டிகள் விஷயத்தில் பொது இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பங்களிப்பிலிருந்து வருகிறது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி, அடித்துவிட்டு ஓடிய வண்டி என்றால் அரசின் பணம். நாட்டில் ஓடும் வண்டிகளில் ஏறக்குறைய பாதி இன்சூரன்ஸ் இல்லாமலே ஓடுவதால், அந்த இரண்டாவது கதவு சின்னதல்ல. காருக்குள் இருப்பவரும் அடிபட்டவர்தான் என்று சட்டம் ஒப்புக்கொண்டிருப்பது இந்த ஓர் இடத்தில்தான். பின்வாசல் வழியாக வந்த ஒப்புதல் என்றாலும் வந்துவிட்டது.

போதுமா? தலையில் அடிபட்டவர் ஐ.சி.யூ.வில் மூன்று வாரம் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 48 மணி நேரம் முதல் இரண்டு நாளில் முடிந்துவிடும், ஏழு நாளும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். பிறகு முதல்வரின் காப்பீட்டு அட்டை இருந்தால் ஒரு வழி. ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கானது அது. வெளிநாட்டுச் சம்பளத்தில் வீடு கட்டிய குடும்பம் அதற்குள் வராது. அவர்கள் நகையை எடுத்துக்கொண்டு பெரம்பலூருக்குப் போவார்கள்.

சில நூறு ரூபாய்க் கணக்கு

பயணியைக் கட்டாயத்துக்குள் கொண்டுவந்தால் பிரீமியம் ஏறும் என்பது கம்பெனிகளின் வாதம். ஏறும். எவ்வளவு? 2022 ஜூன் 1 முதல் வந்த அட்டவணைப்படி 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு ஒரு வருடத் தேர்டு பார்ட்டி கட்டணம் 3,416 ரூபாய். 75 முதல் 150 சி.சி. பைக்குக்கு 714. வரி தனி. பேக்கேஜ் பாலிசி எடுக்கும்போது பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கு விபத்துக் காப்பு சேர்த்துக்கொள்ளும் வசதி இப்போதே உண்டு. ஓர் ஆளுக்கு ஒரு லட்சம் என்று எடுத்தால் ஐந்து பேருக்கும் சேர்த்தே சில நூறு ரூபாய்தான் கூடும். மருத்துவச் செலவுக்கென்று தனிச் சேர்க்கை விற்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. ஒரு டேங்க் பெட்ரோலை விடக் குறைந்த காசில் செய்யக்கூடியதைச் சட்டம் ஏன் கட்டாயமாக்கவில்லை என்றால், 1930-ல் லண்டனில் யாரோ எழுதிய விதிவிலக்கைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

சட்டம் மாறும்வரை பாலிசியின் முதல் பக்கத்தைப் பார்க்கலாம். 'லயபிலிட்டி ஒன்லி' என்றிருந்தால் அது ஆக்ட் பாலிசி. பழைய கார்களுக்கு ஏஜென்ட் பெரும்பாலும் போட்டுத் தருவது இதுதான். "போலீஸுக்குக் காட்ட இது போதும்ணே" என்பார். பொய்யில்லை. 'பேக்கேஜ்' என்றிருந்தால் காருக்குள் இருப்பவருக்கு வழி உண்டு. ஆனால் அங்கேயும் ஓட்டியவர் தப்பு என்று நிரூபித்து, தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. எனப்படும் நஷ்டஈட்டு மனு போட்டு, தீர்ப்புக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரத்துக்கு உதவும் பணம் அல்ல அது. அந்த மனுவையும் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரலிலிருந்து விதி. அந்தக் கெடு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. அடித்துவிட்டு ஓடிய வண்டி அடையாளமே தெரியவில்லை என்றால் இறப்புக்கு 2 லட்சம், பெருங்காயத்துக்கு 50,000. இதற்கு நீதிமன்றம் போக வேண்டியதில்லை, வருவாய்த் துறை அதிகாரியிடம் மனு.

கடைசியாக ஒரு விஷயம், இது எந்தப் பாலிசியிலும் எழுதியிருக்காது. தன் வண்டி தானாக விழுந்த கேஸ்களில், "போலீஸ் கேஸாயிடும், வேண்டாம்" என்று வீட்டில் ஒரு பெரியவர் சொல்வார். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இருந்திருக்காது, அல்லது கொஞ்சம் குடித்திருப்பார். ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் கேட்கும்போது, மாடிப்படியில் வழுக்கி விழுந்தார் என்று சொல்லிவிடுவார்கள். ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறும். 48 மணி நேரத் திட்டமும் ஏழு நாள் திட்டமும் சாலை விபத்துக்குத்தான். மத்தியத் திட்டத்தில் இது சாலை விபத்துதான் என்று போலீஸ் உறுதிசெய்யவும் வேண்டும். மூன்றாம் நாள் பில் கைக்கு வந்த பிறகு, இல்லை டாக்டர், அது வண்டியில் நடந்தது என்று திருத்தப் போனால், முதல் நாள் எழுதியதற்கும் இப்போது சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் ஒரு நாளும் விட மாட்டார்.